கேட்டைத் திற, கேட்டை மூடு

பழிவாங்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் மந்தம். பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்தால், இறங்கி நடந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு ரோஷம் வரும். இதைப் பொறுமை என்று தப்பாக எடுத்துக்கொண்டுதான் என் மனைவி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு மனிதர் மேல் பதினான்கு மாதம் விடாமல் கறுவிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்றால், ஒன்று அவர் செய்தது பெரிய காரியமாக இருக்க வேண்டும். இல்லை, நான் சின்ன மனிதனாக இருக்க வேண்டும். இரண்டுமே சரி என்பது வீட்டில் கிடைத்த தீர்ப்பு.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எனக்கு வேலை. எங்கள் பக்கம் விளைகிற பெங்களூரா மாங்காயைப் பழுக்க வைத்து, அரைத்து, கூழாக்கி, பீப்பாயில் அடைத்து எங்கெங்கோ அனுப்புவார்கள். வருஷத்தில் பத்து மாதம் ஃபேக்டரி தூங்கும். ஜூனிலும் ஜூலையிலும் யாரும் தூங்க முடியாது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வந்து குவியும். அவை நின்று, எடை போட்டு, இறக்கிவிட்டுப் போகிற இடத்துக்கு யார்டு என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பெரிய முதலாளி தெலுங்குக்காரர்; எங்களோடு தமிழில் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்னது இரண்டே வாக்கியம். "யார்டு உன்னுது. அங்க சண்ட நடந்துச்சுன்னு என் காதுக்கு வரக்கூடாது." அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சண்டை என்றால் லேசான சண்டை இல்லை. ஒரு டிராக்டர் இரண்டு மூன்று நாள் வரிசையில் நிற்கும். வெயிலில் காய் வியர்க்கும், கறுப்பு விழும். கறுப்பு விழுந்த காயை ஃபேக்டரி எடுக்காது. அந்த நிலைமையில் ஒருவன் குறுக்கே புகுந்தால் இன்னொருவன் என்ன செய்வான்? நான் சேர்ந்த வருஷம் ஒருவன் மற்றவனுடைய டிராக்டர் சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டான். சாவி எடுக்க ஆள் இறக்கி, கயிறு கட்டி, அரை நாள் போயிற்று. பின்னால் நின்ற எல்லா வண்டியிலும் காய் கறுத்தது.

அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு யோசனை வந்தது. குடிபாலா பக்கம் எங்கள் நிலத்தில் ஒரே கிணறு, நான்கு பங்காளிகள். செவ்வாயும் சனியும் எங்கள் நைனாவின் தண்ணீர் முறை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் முறையை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார். எதுவும் காகிதத்தில் கிடையாது. பங்காளிகள் வேறு எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்வார்கள், தண்ணீருக்கு மட்டும் மாட்டார்கள். அதையே மாங்காய்க்கு வைத்தால் என்ன?

ஊருக்கு ஒரு நாள் என்று பிரித்தேன். எந்த ஊர் எந்த நாள் என்று நானே டீக்கடை, சாவடி, பால் சொசைட்டி என்று போய்ப் பேசினேன். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்துக் காலையில் என் குரலில் செய்தி போடுவேன். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில், கடைசியில் ஒரு ஜோக். என் ஜோக்குக்காகத்தான் விவசாயிகள் கேட்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் தொண்டை சரியில்லை என்று ஜோக் இல்லாமல் போட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் நன்றி போட்டிருந்தார்கள்.

சாவு விழுந்த ஊரில் பால் ஊற்றும்வரை யாரும் காய் பறிக்க மாட்டார்கள். அந்த ஊரின் நாளை அடுத்த ஊருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வாங்கிக் கொடுப்பேன். ஒரே சீசனில் வரிசை குறைந்தது. அடுத்த சீசனில் வரிசையே இல்லை. இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. என் சம்பளத்திலும் இது இல்லை. ஆனால் குளிக்கும்போதுகூட யார்டு ஞாபகம்தான். நிழலுக்குத் தார்ப்பாய் கட்டினேன். டிரைவர்கள் குடிக்கத் தண்ணீர் டிரம் வைத்தேன். பொழுது போகட்டும் என்று கேரம் போர்டும் வைத்தேன். ஆட்டம் முடியாமல் வண்டியை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அதை நானே உடைத்து டீக்கடை அடுப்புக்குக் கொடுத்தேன். தப்பு செய்தாலும் என் தப்பு, நானே உடைத்துக்கொள்ளலாம். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழுக்க வைக்கும் அறைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாளும் அப்படித்தான். சித்தூரில் பழைய மிஷன் கோயிலைச் சேர்ந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் பாடுகிறவள். வாரத்தில் மற்ற ஆறு நாள் அதே வாயால் எங்களைக் கிழிப்பாள். கதவைத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டி, "மூணாவது வரிச நாளைக்குக் காலைல எடுக்கலாம்" என்பாள். எடுத்தால் சரியாக இருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்த அண்ணாவைக் கேட்டால் ஆட்டை விரட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்று சீசன் இப்படிப் போனது. பெரிய முதலாளிக்கு உடம்பு தளர்ந்து, திருப்பதியில் இருந்த அவருடைய மகன்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையோடு ஒரு மேனேஜரைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். பளபளவென்று ஷூ. பேச்சு மெதுவாக, மரியாதையாக இருக்கும். அதனால்தான் அவர் என்ன செய்கிறார் என்று புரிய நாளாயிற்று.

வந்த மாதத்திலேயே இரண்டு காரியம் செய்தார். முதலாவது, ஆபீஸ் சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டினார்: ஒவ்வொரு தொழிலாளியும் முதலாளியைப் போல யோசிக்க வேண்டும். இரண்டாவது, அந்த போஸ்டருக்குக் கீழே எங்களை வரிசையில் நிற்க வைத்துக் கழுத்தில் ஆளுக்கு ஒரு அட்டை மாட்டினார். அவரவர் வேலை என்ன என்று நான்கு வரி, பிளாஸ்டிக் உறை போட்டது. நான் ஒருவனாகப் பார்த்த யார்டை ஐந்தாக வெட்டியிருந்தார். டோக்கனுக்கு ஒருவன், எடைக்கு ஒருவன், காய் பார்க்க ஒருவன், இறக்க ஒருவன். எனக்குக் கேட். ஊர் முறை, குரூப், குரல் செய்தி எல்லாம் டோக்கன்காரனுடைய கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

என் அட்டையில் இருந்தது இது. கேட்டைத் திறக்கவும். வண்டி எண்ணை எழுதவும். கேட்டை மூடவும். விதிக்கு மாறாக எது நடந்தாலும் மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும்.

அந்த அம்மாளின் அட்டையில், இரண்டு மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதவும் என்று இருந்தது. மூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி எதுனா இருக்கும்னு பாத்தேன்" என்றாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நான்தான் மந்தம் ஆயிற்றே. அந்த ஏப்ரலில் திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் வைத்தார்கள். முதலாளியின் மகன்கள், கூழ் வாங்குகிற கம்பெனிக்காரர்கள், பேங்க்காரர்கள். கடைசி வரிசையை நிரப்புவதற்கு எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மதியம் நல்ல சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். நான் அந்த எண்ணத்தில்தான் போனேன்.

மேனேஜர் மேடையில் ஏறித் திரையில் ஒரு படம் காட்டினார். ஊர்கள் ஒரு பக்கம், நாட்கள் ஒரு பக்கம். என் ஊர் முறை. நான் டீக்கடை டீக்கடையாகப் போய்ப் பேசிய ஊர்கள், அதே நாட்கள், அதே வரிசை. தான் வந்தவுடன் விவசாயிகளின் நடமாட்டத்தை ஆராய்ந்து உருவாக்கிய திட்டம் என்றார். அடுத்த படத்தில் தார்ப்பாய் நிழலில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது என் முழங்கை. மற்றதெல்லாம் வெட்டப்பட்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பலமாகத்தான் தட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு வேனில் திரும்பி வரும்போது சந்திரகிரி தாண்டியதும் எனக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"உன் சட்டைய மாட்டிக்கினு அந்தாளு மேடைல நிக்கறாரு. நீ கீழ குந்திக்கினு அவருக்குப் பட்டன் போட்டு வுட்டுட்டு வர. நல்லா தட்டுனண்ணா கைய."

அந்த வேனிலேயே நான் சபதம் எடுத்தேன். ஊர் முறை யாருடையது என்று அந்த மனிதர் வாயாலேயே சொல்ல வேண்டும். என் எதிரில் மட்டும் இல்லை, நான்கு பேர் எதிரில். அதுவரை விடமாட்டேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சீக்கிரம் செய். உனக்குக் கோவம் வர்றதுக்கே சந்திரகிரி ஆயிடுச்சு" என்றாள்.

முதல் முயற்சி மே மாதத்தில். திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும் நாட்களில் நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டுவார்கள். முகம் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டு தெருவில் வருவார்கள். வேஷம் கட்டியவன் எதிரில் வருகிற யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மன் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதைவிட வசதி எந்த ஊரில் கிடைக்கும்? மேனேஜர் குடியிருந்ததும் திருப்பதியில்தான். அம்மனிடம் வேறு எதற்கோ நேர்ந்துகொண்ட மாதிரி வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். குங்குமத்தை முகத்தில் அப்பிக்கொண்டேன். என் நிழலே என்னை அடையாளம் கண்டுகொள்ளாது.

அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த தமிழ் வசவு, தெலுங்கு வசவு, குப்பம் பக்கத்து டிரைவர்களிடம் கற்ற கன்னட வசவு, ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அவருடைய அட்டையை, ஷூவை, போஸ்டரை, அவரைப் பெற்றவர்களைத் தவிர எல்லாவற்றையும் திட்டினேன். மேனேஜர் வெளியூர்க்காரர்; வசவு பாதி புரியவில்லை, அம்மன் அருள் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்து வந்து கை கூப்பிக்கொண்டு முழுதும் கேட்டார். முடிந்ததும் உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தாகமாக இருந்தது, குடித்துவிட்டேன். பிறகு என் தோள்மேல் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஃபேக்டரியில் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினார். எவ்வளவு சக்தியோடு திட்டினார் தெரியுமா, இந்த வருஷம் நமக்கு நல்ல சீசன் என்றார். கடைசியாக என்னிடமும் காட்டினார். நானும் பார்த்துத் தலையாட்டினேன். அம்மாள் மட்டும் போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தாள். சத்தம் கேட் வரைக்கும் வந்தது.

இரண்டாவது முயற்சிக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கவில்லை. கழுத்திலேயே இருந்தது. அட்டையில் போட்ட நான்கு வரியைத் தவிர எதுவும் செய்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜூன் பிறந்தது. ஒரே நாளில் இரண்டு பெரிய ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் டோக்கன் கொடுத்துவிட்டது முதல் வாரமே எனக்குத் தெரிந்தது. முன்பென்றால் விடியும் முன்னே போனைப் போட்டு ஒரு ஊரை நிறுத்தியிருப்பேன். இப்போது திறந்தேன், எழுதினேன், மூடினேன். டிராக்டர் வரிசை மெயின் ரோட்டுக்குப் போய், பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. மேனேஜர் ஓடி வந்து ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டார். மாறாக எதுவும் நடக்கவில்லையே சார், எல்லாம் டோக்கன் உள்ள வண்டிதானே என்றேன். அவர் என் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் சாப்பிட்ட தயிர் சாதத்தின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

பத்து நாள் அந்த ருசியிலேயே போனது. விவரம் தெரிந்த பிறகு இவ்வளவு கீழ்ப்படிந்து நான் யாருக்கும் நடந்ததில்லை.

பிறகு ஒரு காலை, எங்கள் குடிபாலா பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டரோடு வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். எங்கள் நைனாவுக்குப் பழக்கம். அவர்கள் ஊர் முறை இரண்டு நாளைக்கு முன்பே போய்விட்டது. அந்த நாளில் அவர் தம்பி மனைவி இறந்து போயிருந்தாள். பால் ஊற்றிவிட்டு, காய் பறித்து, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். டோக்கனைக் காட்டினால் மிஷினில் சிவப்பு விளக்கு.

அட்டைப்படி மேனேஜருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். நாள் மாற்றிக்கொள்கிற வழக்கம் இனி கிடையாது, அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள் என்றார். அடுத்த சுற்று ஒன்பது நாள் கழித்து. பறித்த காய் ஒன்பது நாள் தாங்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான். உள்ளுக்குள்ளே எனக்கு என்ன ஓடியது தெரியுமா? நல்லது, இதுவும் உன் தலையில் விழட்டும். அதுதான் ஓடியது. பெரியவர் எதிரில் கேட்டை மூடினேன்.

அவர் டிராக்டரை ஓரம் கட்டிவிட்டு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இன்னா நைனா, கேட்ட போட்டுட்ட?"

விதி மாறிவிட்டது, என் கையில் ஒன்றும் இல்லை என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"என் தம்பி பொண்டாட்டி செத்துப்போனது இதுல எழுதலியா?"

அவ்வளவுதான் கேட்டார். போய் டிராக்டர் நிழலில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு இந்தத் தடவை ரோஷம் சந்திரகிரி வரைக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் யார் மேல் வர வேண்டும் என்றுதான் தெரியவில்லை. டீ நேரத்தில் அம்மாள் வந்தாள். டிராக்டரைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீ யார பழிவாங்கிக்கினு இருக்க?" என்றாள். "அந்தாளு உள்ள ஏசில குந்திக்கினு இருக்காரு. வெயில்ல குந்தினு இருக்கறது உங்க ஊர்க்காரரு."

போனை எடுத்தேன். பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேக்டரி; அங்கே யார்டு பார்ப்பவர் எனக்குப் பழக்கம். வரிசை இருக்கிறதா என்று கேட்டேன். வரிசையா, மிஷினுக்குப் போடக் காய் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். பெரியவரை அங்கே அனுப்பினேன். மதியத்துக்குள் இறக்கிவிட்டதாகப் போன் வந்தது. சாயங்காலம் அவர் ஊரிலிருந்து இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். எங்கள் வண்டி எங்கே போகட்டும் என்று கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு என் வேலையின் அருமை தெரிந்தது. கேட் பக்கம் ஒரு நாற்காலி. தலைக்கு மேல் நிழல். போனுக்கு நல்ல சிக்னல். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் இருபது நிமிஷம் எதுவும் செய்ய வேண்டாம். எதுவும் யோசிக்கக் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். சொந்தத் தொழில் தொடங்க இதைவிட நல்ல இடத்தை எந்த பேங்க்காரனும் கட்டிக் கொடுக்க மாட்டான். யார்டு என்னுடையதாக இருந்த மூன்று வருஷமும் என் மூளையில் தோன்றியதெல்லாம் ஃபேக்டரிக்குத்தான் போனது. வேறு எங்கேயாவது கொண்டுபோகலாம் என்று தோன்றவே இல்லை. யார்டைப் பிடுங்கிக்கொண்டு கேட்டைக் கொடுத்ததும் அதே மூளை கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. மேனேஜரின் போஸ்டர் சொன்னபடியே நான் முதலாளியைப் போல யோசிக்க ஆரம்பித்தேன். எந்த முதலாளி என்று அதில் போடவில்லை.

எந்த ஃபேக்டரியில் எந்த நேரம் வரிசை குறைவு என்று நான்கைந்து யார்டுக்காரர்களிடம் காலையில் கேட்டுக்கொள்வேன். எந்த ஊர் எங்கே போக வேண்டும் என்று புது குரூப்பில் குரல் செய்தி போடுவேன். தமிழில், தெலுங்கில். ஜோக்கை நிறுத்திவிட்டேன், தொழில் என்று வந்துவிட்டால் கொஞ்சம் அடக்கம் வேண்டும். வரிசையில் நிற்காமல் இறக்குகிறவன் லோடுக்கு இவ்வளவு என்று தானாகக் கொடுத்தான். ஃபேக்டரி சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபேக்டரிக்கு வர வேண்டிய காயையே வேறு பக்கம் திருப்பியது தர்மமா என்று கேட்டால், இல்லைதான். என் அட்டையில் தர்மமும் இல்லை.

சீசன் முடிந்ததும் வேலையை விட்டேன். நான் போன மறுவாரம் அம்மாளும் விட்டாள். இப்போது அவள் மூன்று சின்ன ஃபேக்டரிகளுக்குக் காலையில் ஸ்கூட்டியில் போகிறாள். கதவைத் திறந்து மூக்கை நீட்டி, எந்த வரிசை எப்போது என்று சொல்லிவிட்டு வருகிறாள். தெர்மாமீட்டர் வைத்திருக்கிற இடத்திலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கே சாப்பாடு நல்லா போடறாங்களோ அங்கதான் பழம் நல்லா பழுக்குது என்பாள்.

அடுத்த சீசனுக்கு, அதாவது இந்த வருஷம், புத்தலப்பட்டு பக்கத்தில் டீக்கடையை ஒட்டி ஒரு தகர ஷெட் எடுத்தேன். போன வருஷத்து ஊர்களோடு, முறை வைக்கச் சொல்லிப் புது ஊர்களும் வந்து சேர்ந்தன. ஃபேக்டரிகள் எனக்குப் போன் செய்து எங்களுக்கு இத்தனை வண்டி வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தன. பழைய ஃபேக்டரியை நான் கடைசியில் வைத்தேன். இதை வியாபாரத் தந்திரம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், ஆனால் பொய். சுத்தமான கறுவல். மற்றவர்களுக்கெல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு. மிச்சம் இருக்காதபடி பார்த்துக்கொண்டேன். அங்கே மிஷின் அரை நாள் ஓடுகிறது, அரை நாள் நிற்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

மேனேஜர் போன் செய்தார். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினார். உங்கள் முறை வரும்போது சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நாள் பிடித்தது. நான்கு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் முதலில் எழுதியதையே அனுப்பினேன்.

ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணி வெயிலில் அவரே வந்தார். ஷெட்டுக்கு முன்னால் டிராக்டர்கள் நின்றன. காரை அவற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சிந்திக் கிடந்த மாங்காய்ப் பாலில் ஷூ ஒட்ட ஒட்ட நடந்து வந்தார். இறக்கிவிட்டு வந்தவர்களும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் இருந்தார்கள். குடிபாலா பெரியவரும் இருந்தார். அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் இருந்தேன். காய் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் நேராகவே பேசினார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும், பாராட்டவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு வண்டி காய் இன்றைக்கு வராவிட்டால் அது கைவிட்டுப் போகும், போனால் தன் வேலையும் போகும், முதலாளியின் மகன்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். குரல் அதே மெதுவான குரல்தான்.

பதினான்கு மாதமாக நான் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். அட்டை, முழங்கை, தயிர் சாதம் எல்லாம் அதில் வரும். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. இதற்காகவா இத்தனை நாள் குளிக்கும்போதெல்லாம் தனியாகப் பேசினேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஊர் முறை யாருது சார்?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மறுபடி மடித்துப் பையில் வைத்தார்.

"மீதே" என்றார், மெதுவாக. உங்களுடையதுதான் என்று அர்த்தம்.

"எனக்குத் தெரியும் சார். இவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று விவசாயிகள் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். அந்த ஊர் முறைத் திட்டம் தன்னுடையது இல்லை, இவருடையது, தான் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டது தப்பு என்று தெலுங்கில் சொன்னார். முழுதாகச் சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகவே சொன்னார்.

யாரும் திரும்பவில்லை. ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மாங்காயை உப்பு தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். குடிபாலா பெரியவர் மட்டும் தலையைத் தூக்கினார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"அத வுடு நைனா," என்றார் என்னைப் பார்த்து. "எங்க வண்டிய எப்ப எடுப்பாங்க, அத கேட்டுச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒருவன் டிராக்டரை ஸ்டார்ட் செய்தான். ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிரேட்டில் உட்காரப் போனார். நான் விடவில்லை. என்னை அற்பன் என்று சொன்னாலும் பரவாயில்லை. பதினான்கு மாதம் காத்திருந்தது இந்த டிராக்டர் சத்தத்துக்காக இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றேன். "வண்டி சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல."

சொன்னார். இந்த முறை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இந்த சார் எதற்குக் கத்துகிறார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எனக்கு அது போதவில்லை. மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தேன்.

"போதும்ணா" என்றாள் அம்மாள். "அவருக்குத் தொண்ட கட்டிக்கப் போவுது."

போனை எடுத்து அவர் ஃபேக்டரிக்கு வண்டி திருப்பினேன். அவர் கேட்டது பன்னிரண்டு. நான்கு அனுப்பினேன். மீதி எட்டும் எப்போது என்று கேட்டார். வியாழக்கிழமை பார்க்கலாம் என்றேன்.